கொல்லைப்புற வழியில் வந்த குலக்கல்வி

"அம்மாவுக்கு ஒத்தாசையாகப் பிள்ளை நாலு தையல் போட்டால் அதுவும் குழந்தைத் தொழிலா?" ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் குழந்தைத் தொழிலாளர் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் கேள்வி இதுதான். ஷூ கம்பெனிக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் கேட்கிறார். ஏற்றுமதியாளர் கேட்கிறார். ஊர்ப் பெரியவர் கேட்கிறார். சில சமயம் பள்ளி ஆசிரியரே கேட்கிறார். கேட்பவர்கள் பொல்லாதவர்கள் இல்லை. பலர் சிறுவயதில் தாங்களே பீடி சுற்றியவர்கள், ஷூவின் மேற்பகுதியைத் தைத்தவர்கள். 2016இல் நாடாளுமன்றமும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டது. இல்லை என்று பதிலும் எழுதிச் சட்டமாக்கியது.

அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம், 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று முழுத் தடை விதித்தது. பலரும் கைதட்டினார்கள். அதே பிரிவில் ஒரு விலக்கும் இருந்தது: பள்ளி முடிந்த பிறகும் விடுமுறையிலும், அபாயகரமான தொழில் பட்டியலில் வராத வேலையாக இருந்தால், பிள்ளை தன் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவலாம். ஏழைக் குடும்பங்களின் நிலைமை தெரிந்து மத்திய அரசு காட்டிய கரிசனம் இது என்றும், பிள்ளை தொழில் கற்றுக்கொள்ளும் வழி என்றும் அன்று சொல்லப்பட்டது. இன்றும் பரவலாக நம்பப்படுகிறது.

இந்த நம்பிக்கை தவறு. அந்த விலக்கால் ஆதாயம் பெறுகிறவர் குடும்பத்துக்குக் கூலி நிர்ணயிக்கிறவர். ஆம்பூரைச் சுற்றிய இந்தத் தோல் வட்டாரத்தில் பிள்ளைகளைக் காக்க வேண்டிய அமைப்புகளின் கையைக் கட்டிப்போட்டிருப்பதும் அதே விலக்குதான்.

எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடலாம். நிலைமை மேம்பட்டிருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வேலை செய்த 5 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 2001இல் சுமார் 4.18 லட்சம், 2011இல் 1.51 லட்சம். ஆம்பூரின் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்குள் இன்று நுழைந்து பார்த்தால் தையல் மெஷின் முன்னால் பிள்ளை உட்கார்ந்திருக்காது. வெளிநாட்டு வாங்குபவர்கள் அனுப்பும் தணிக்கையாளர்கள் வயதுச் சான்றிதழைக் கேட்கிறார்கள். வாசலில் அறிவிப்புப் பலகை தொங்குகிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் இந்த மாற்றத்தில் பெரும்பங்கு சத்துணவுக்கும், இலவசப் பஸ் பாஸுக்கும், சைக்கிளுக்கும், அண்மைக்காலக் காலை உணவுக்கும் சேரும். பிள்ளையை இழுத்தது பள்ளிக்கூடம். தொழிலாளர் சட்டம் அதற்குத் துணை நின்றிருக்க வேண்டும். அது வீட்டு வாசல்வரை வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகாமல் திரும்பிக்கொண்டது.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது? மொக்காசின் போன்ற சில வகை ஷூக்களின் மேற்பகுதியைக் கையால் தைக்கிறார்கள். வெட்டி, ஓரம் சீவி, துளை போட்ட தோல் துண்டுகளை ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுகிறார். கூடவே நூலும் வருகிறது. வெளிச்சத்துக்காகப் பெண்கள் வாசற்படியில் உட்கார்ந்து, துண்டை முழங்காலில் இறுக்கி, துளைக்குத் துளை ஊசி ஏற்றி இழுக்கிறார்கள். ஒவ்வொரு தையலும் ஒரே இறுக்கத்தில் விழ வேண்டும். தளர்ந்தால் துண்டு திரும்பி வரும், கூலி போகும். கூலி ஜோடிக் கணக்கில். இதில் பிள்ளையின் பங்கு நூலை அளந்து வெட்டுவது, ஊசியில் கோத்துக் கொடுப்பது, இடது வலது சேர்த்து ஜோடி கட்டுவது, பிசிறு நறுக்குவது. கை கொஞ்சம் திருந்தியதும் சுலபமான பக்கத்துத் தையல். மறுநாள் காலை மூட்டை போக வேண்டும் என்றால் வீட்டுப்பாடம் காத்திருக்கும்.

இதைத்தான் தொழில் கற்றுக்கொள்வது என்கிறார்கள். எந்தத் தொழிலை? ஒரு ஷூ உருவாக வெட்டு, ஓரச் சீவல், மேற்பகுதித் தையல், லாஸ்டிங், சோல் ஒட்டுதல், ஃபினிஷிங் என்று பல படிகள் உண்டு. வீட்டுக்கு வருவது ஒரே ஒரு படி, அதிலும் ஒரே ஒரு தையல். பத்து வருஷம் தைத்த பெண்ணிடம் ஒரு முழு ஷூவைச் செய்யச் சொல்லுங்கள்; அவளால் முடியாது. சோல் எங்கே ஒட்டப்படுகிறது என்று அவள் பார்த்ததில்லை. வடிவமைப்பும் விலை பேசுவதும் அவள் கண்ணிலேயே படாதவை. அந்தக் காலச் செருப்புத் தொழிலாளியிடம் முழுத் தொழிலும் இருந்தது; இன்றைய வீட்டுத் தையலில் தொழிலின் ஒரு நறுக்குத்தான் இருக்கிறது. தாய்க்கே கிடைக்காத தொழில் நுணுக்கத்தை மகள் எப்படிக் கற்றுக்கொள்வாள்? ஷூ செய்யக் கற்க விரும்பும் இளைஞருக்குச் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதற்குள் நுழையப் பள்ளிப் படிப்பு வேண்டும். வாசற்படித் தையல் அதற்குத் தகுதி ஆகாது.

'குடும்பத் தொழில்' என்ற சொல்லைத் தோலுக்கும் பீடிக்கும் சேர்த்துச் சொல்லும்போது இன்னொன்றும் உள்ளே ஒளிந்திருக்கிறது. தோல் எந்தச் சாதியின் தலையில் சுமத்தப்பட்டது என்பதைத் தமிழ் வாசகருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மருத்துவரின் பிள்ளை மாலையில் மருத்துவமனையில் ஊசி போட்டுப் பழகுவதற்காக இந்த விலக்கு எழுதப்படவில்லை. வக்கீலின் மகள் விடுமுறையில் வழக்காடுவதற்கும் எழுதப்படவில்லை. யாருக்குத் தொழில் பிறப்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அவர்களுடைய பிள்ளைகளுக்கு மட்டுமே இது பொருந்தும்.

தமிழ்நாடு இதே வாதத்தை முன்பும் கேட்டிருக்கிறது. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பள்ளிகளும் ஆசிரியர்களும் போதவில்லை, கைத்தொழிலுக்கு மதிப்புக் கூடும் என்று அன்றும் நல்ல காரணங்கள் சொல்லப்பட்டன. பெரியார் அதைக் குலக்கல்வி என்றார், மாநிலம் கொதித்தது, 1954 மே மாதம் காமராஜர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அந்தக் காமராஜர் முதலமைச்சரானதும் சட்டமன்றத்துக்குள் நுழைந்தது எந்தத் தொகுதியிலிருந்து? பீடிக்கும் தீப்பெட்டிக்கும் பெயர்போன, இதே வேலூர் வட்டாரத்துக் குடியாத்தத்திலிருந்து. குலக்கல்வியை ஒழித்தவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய மண்ணில், பிள்ளை பள்ளிவிட்டு வந்து தகப்பன் தொழிலைச் செய்யலாம் என்று 2016இல் சட்டம் வந்தபோது, 1953இல் எழுந்த சத்தத்தில் நூறில் ஒரு பங்குகூட எழவில்லை. அன்று பாதி நாள். இன்று மாலையும் விடுமுறையும். வித்தியாசம் கடிகாரத்தில் மட்டும்.

2024 நவம்பரில், கைவினைஞர்களுக்குக் கடன் தரும் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைத் தற்போதைய வடிவில் ஏற்க மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு கடிதம் எழுதியது. 18 வயது இளைஞரைக் குடும்பத் தொழிலுக்குள் தள்ளும், அது குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்பது காரணம். மாற்றாக வந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் குறைந்தபட்ச வயது 35. சரியான முடிவு, பாராட்டலாம். ஆனால் 18 வயதுக்காரருக்குக் கடன் கொடுப்பதே குலக்கல்வி என்றால், 8 வயதுக்காரர் ஊசி பிடிப்பதை என்னவென்று சொல்வது? 2016 சட்டம் குடும்பத்துக்கு 'உதவும்' பிள்ளைக்குக் கீழ் வயது வரம்பே வைக்கவில்லை.

அடுத்த வாதம் வறுமை. பிள்ளையின் கையை நிறுத்தினால் அடுப்பு எரியாது என்கிறார்கள். கேட்கும்போது நெஞ்சைத் தொடும் வாதம். கணக்குப் போட்டால் நிற்காது. ஜோடிக் கணக்கில் கூலி தரும் வேலையில், ஒரு நாளில் ஒரு வீடு எத்தனை ஜோடி முடிக்கும் என்பதைப் பார்த்துத்தான் விலை படிகிறது. அந்த எண்ணிக்கைக்குள் பிள்ளையின் கையும் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. நான்கு கைகள் தைத்து ஒருவருக்கு உரிய கூலியை வாங்கும் வீடு, கூடுதல் கைகளால் கூடுதலாக ஒன்றும் சம்பாதிக்கவில்லை. தன் உழைப்பின் விலையைத் தானே இறக்கிக்கொள்கிறது. பக்கத்து வீட்டில் பிள்ளை இல்லாத விதவையும் அதே இறங்கிய விலைக்குத்தான் தைக்க வேண்டும். எல்லா வீட்டிலும் பிள்ளைகளின் கை ஒரே சமயத்தில் விலகினால் மூட்டை குறித்த நேரத்தில் போகாது. ஏஜென்ட் விலையை ஏற்றியாக வேண்டும், அல்லது வேலை தொழிற்சாலைக்குள்ளேயே திரும்பிப் போக வேண்டும். அங்கே குறைந்தபட்சக் கூலியும் பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் உண்டு. வறுமையைக் காரணம் காட்டிப் பிள்ளையின் வேலையை அனுமதிக்கிறவர்கள் வறுமைக்குத்தான் நீர் ஊற்றுகிறார்கள்.

பீடி இதற்குப் பழைய சாட்சி. 1986 சட்டத்தில் பீடி சுற்றுதல் தடைப்பட்டியலில் இருந்தது. ஆனாலும் குடும்பத்தாரின் உதவியோடு நடக்கும் பட்டறைக்கு அந்தச் சட்டத்திலும் விலக்கு இருந்தது. முதலாளிகள் செய்தது சுலபமானது: இலையையும் தூளையும் நூலையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. முன்பணம் வாங்கிய பெற்றோர் பிள்ளையை ஈடாக விட்ட கதைகள் வட ஆற்காட்டுப் பக்கம் ஏராளம். 1996இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியக் கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி எழுதிய அறிக்கையில் தமிழ்நாட்டுப் பீடிப் பிள்ளைகளும் இடம்பெற்றார்கள். முப்பது வருஷ அனுபவம் கையில் இருந்தது. 2016இல் ஓட்டையை அடைத்திருக்கலாம். மாறாக, பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டுமின்றி அப்பா, அம்மாவின் உடன்பிறந்தோரும் குடும்பம் என்று விரித்தார்கள். பிற ஆட்களையும் ஈடுபடுத்திக் குடும்பத்தார் நடத்தும் எந்த வேலையும், உற்பத்தியும், வியாபாரமும் குடும்பத் தொழில் என்றார்கள். மாமாவின் பட்டறையில் பத்துக் கூலியாட்களோடு உட்காரும் பிள்ளையும் வீட்டுக்கு உதவுகிற பிள்ளைதான். முன்பு 18 தொழில்களும் 65 செயல்முறைகளுமாக இருந்த அபாயப் பட்டியலை மூன்றே இனங்களாகச் சுருக்கினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு 2017இல் மறுபடி நீட்டினார்கள்.

இதற்கு எதிர்த்தரப்பு ஒரு வலுவான பதில் வைத்திருக்கிறது. 2017 விதிகளைப் படியுங்கள் என்பார்கள். ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது. குடும்பத்துக்கு வருமானம் தரும் உற்பத்திச் சங்கிலியின் எந்தக் கட்டத்திலும் பிள்ளையின் உதவி இருக்கக் கூடாது. ஆகவே ஷூ தைப்பது விதிப்படியே தவறுதானே?

ஆமாம், தவறுதான். விதியை எழுதியவர்களுக்கே பிரிவின் அபாயம் புரிந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் இந்த வேலிக்குக் காவலாள் யார்? மாலை ஏழு அடித்ததா என்று எந்த ஆய்வாளர் வாசற்படியில் நின்று பார்க்கப்போகிறார்? 2013 டிசம்பரிலேயே தொழிலாளர் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, வீட்டுக்குள் வேலை செய்யும் பிள்ளையை எப்படிக் கண்காணிப்பீர்கள் என்று அமைச்சகத்தைக் கேட்டது. இன்றுவரை பதில் இல்லை. விதியில் உள்ள ஒரே எச்சரிக்கை மணி பள்ளிக்கூடத்தில் இருக்கிறது: ஒரு பிள்ளை தகவல் சொல்லாமல் தொடர்ந்து 30 நாள் வராவிட்டால் தலைமையாசிரியர் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். தோல் வட்டாரத்துப் பிள்ளை பள்ளிக்குப் போகிறது. காலையில் வருகைப்பதிவில் பெயர், மாலையில் கையில் ஊசி, வகுப்பில் கண் சொருகல். அந்த மணி அதற்காக ஒருநாளும் அடிக்காது.

இனிக் குழந்தை நல அமைப்புகளின் கதைக்கு வருவோம். இளைஞர் நீதிச் சட்டம் 2015, 18 வயதுவரை எல்லோரையும் குழந்தை என்கிறது. மாவட்டந்தோறும் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட குழந்தைகள் நலக் குழு, அதற்குக் கையும் காலுமாக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, அழைக்க 1098 உதவி எண். செலவுக்கு மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம். கட்டமைப்பு மோசமில்லை. ஆனால் ஒரு பிள்ளை குழுவின் முன் வர வேண்டுமென்றால் அது 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என்ற வரையறைக்குள் வர வேண்டும். வேலை செய்யும் பிள்ளையைப் பற்றி அந்த வரையறை சொல்வது: நடப்பில் உள்ள தொழிலாளர் சட்டங்களுக்கு மாறாக வேலை செய்பவர். தொழிலாளர் சட்டமே குடும்ப வேலைக்கு விலக்குத் தந்துவிட்ட பிறகு, மாறாக என்பதை எப்படி நிறுவுவது? "எங்க பிள்ளைதான், எங்க வீட்டு வேலைதான்" என்று ஒரு வார்த்தை போதும், கோப்பு மூடிவிடும். ஒரு சட்டம் திறந்த கதவை இன்னொரு சட்டம் வெளியிலிருந்து தாழிட்டுவிட்டது.

இதன் விலை வெறும் காகிதத்தில் இல்லை. மிஷன் வாத்சல்யாவின் 2022 வழிகாட்டுதலில், குடும்பத்தோடு இருக்கும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகை உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மிகாத குடும்பங்களுக்கு அது. தகுதிப் பட்டியலில் குழந்தைத் தொழிலாளியும் இருக்கிறார். ஜோடிக்குப் பத்து ரூபாய் கூலி என்றே வைத்துக்கொள்வோம்; 4,000 ரூபாய்க்கு 400 ஜோடி தைக்க வேண்டும். பள்ளிக்குப் போகும் எந்தப் பிள்ளையாலும் மாதத்தில் அது முடியாது. அதாவது பிள்ளையின் தையல் கொண்டுவருவதைவிடக் கூடுதலான பணத்தை அரசே தரத் தயாராக இருக்கிறது. ஆனால் அது குழந்தைத் தொழிலாளிக்கு. இந்தப் பிள்ளையோ சட்டப்படி தாய்க்கு உதவுகிறவள். வறுமைக்கு இரங்கி எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் விலக்கு, வறுமைக்கு மருந்தாக வந்த பணத்தை மறிக்கிறது.

முன்பிருந்த ஏற்பாடும் போய்விட்டது. 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம், வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பயிற்சி மையங்களை நடத்தியது. உதவித்தொகை மாதம் 150 ரூபாயாக இருந்து 2017இல் 400 ஆனது. வேலூரிலும் அது இருந்தது. 2021இல் அது சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தோடு கரைக்கப்பட்டது. பள்ளியைவிட்டு நின்ற பிள்ளையைக் கல்வித் துறை தேடும். பள்ளியிலிருந்துகொண்டே வேலை செய்யும் பிள்ளையைத் தேட இப்போது தனி ஆள் இல்லை. இதற்கிடையே 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றானது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரில், மேல்விஷாரம் ராணிப்பேட்டையில், பேரணாம்பட்டும் குடியாத்தமும் வேலூரில். குழுக்களும் அலகுகளும் மூன்றாயின. ஏஜென்டின் வண்டிக்கு மாவட்ட எல்லை கிடையாது, அதிகாரிக்கு உண்டு.

பன்னாட்டு விதியைக் காட்டி நியாயம் சொல்பவர்களும் உண்டு: உலகத் தொழிலாளர் அமைப்பே குடும்ப வேலையை ஏற்கிறதே என்று. இந்தியா 2017 ஜூனில் ஏற்பளித்த 138ஆம் உடன்படிக்கையைப் பிரித்துப் பார்க்கட்டும். அது விலக்குவது உள்ளூர் நுகர்வுக்காக விளைவிக்கும், வழக்கமாகக் கூலியாட்கள் வைக்காத, சிறு குடும்ப விவசாயத்தை. ஐரோப்பியக் கடையில் விற்கப்போகும் ஷூவின் தையல் எந்த ஊரின் உள்ளூர் நுகர்வு?

அப்படியானால் பெற்றோரைத் தண்டிப்பதா? கூடவே கூடாது. பெற்றோரை ஜெயிலுக்கு அனுப்புவது கொடுமை, பயனும் இல்லை. பொறுப்பு எங்கே என்பதை உச்ச நீதிமன்றம் இந்த வட்டாரத்துக்கே சொல்லியிருக்கிறது. 1996 ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த பாலாற்று வழக்கில், மாசுபடுத்தியவரே விலை தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில், சிவகாசியை ஒட்டிய எம்.சி. மேத்தா வழக்கில், பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. இரண்டாவது தீர்ப்பு வாசற்படித் தையலுக்கு எட்டவில்லை, ஏனென்றால் அங்கே தாளில் முதலாளி இல்லை. முதல் தீர்ப்பின் நியாயத்தை அங்கே கொண்டுவருவதுதான் வழி. பாலாற்றில் கலந்த கழிவு யாருடைய டேனரியிலிருந்து வந்தது என்று குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே போக முடிந்தது என்றால், மூட்டையில் வந்த துண்டு யாருடைய ஆர்டர் என்று பில்லைப் பிடித்துக்கொண்டு போவது கஷ்டமா? வீட்டில் தைப்பவர்களின் பெயர்ப் பதிவேட்டை ஏற்றுமதியாளர் வைக்கட்டும். ஜோடிக் கூலி, ஒரு பெரியவர் எட்டு மணி நேரத்தில் தைப்பதைக் கொண்டு குறைந்தபட்சக் கூலிக்கு ஈடாக அமையட்டும். அந்தக் கூலியில் பிள்ளையின் ஊசிக்கு அவசியம் இருக்காது.

அதற்கு முன்னால் விலக்கு போக வேண்டும். மத்தியச் சட்டமாயிற்றே, மாநிலம் என்ன செய்யும் என்பது கடைசிச் சாக்கு. தொழிலாளர் நலன் பொதுப்பட்டியலில் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 254(2) பிரிவின்படி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலம் தனக்கெனத் திருத்தம் கொண்டுவரலாம். 2017இல் ஜல்லிக்கட்டுக்காக விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு அப்படித்தான் திருத்தியது. மெரினாவில் கூட்டம் கூடிய சில நாட்களில் அவசரச் சட்டம் வந்தது, ஒப்புதலும் வந்தது. காளைக்காக அசைந்த சட்டமன்றம் பிள்ளைக்காகவும் அசையலாம். ஒற்றை வரித் திருத்தம் போதும்: தமிழ்நாட்டில் 14 வயதுக்குட்பட்டோர் வருமானம் தரும் எந்தக் குடும்பத் தொழிலிலும் ஈடுபடுத்தப்படக் கூடாது. அது வரும்வரை மூன்று மாவட்டக் குழுக்களுக்கும் அரசு ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம்: 2017 விதிப்படி வருமானச் சங்கிலியில் உள்ள பிள்ளை, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளையே, ரெய்டு வேண்டாம், ஆதரவுத்தொகைக்குப் பெயரைச் சேருங்கள். இதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. குலக்கல்வியை எதிர்த்த மரபுக்கு உரிமை கொண்டாடும் எந்தக் கட்சியும் இந்தக் கோரிக்கையை மறுக்கக் காரணம் தேட வேண்டியிருக்கும். அந்தக் காரணத்தை அவர்கள் மேடையில் நின்று சொல்லட்டும், கேட்போம்.